முப்பதின்மர் எதிர்த்த அணை

மழை பொழிக, குடி தழைக்க, கோல் நிமிர்க. செம்புல நாட்டின் ஏழு கோட்டைகளுக்கும் உடையவரான நீலவர்மப் பெருமாளின் திருமுன்பு, வேங்கைக்குன்ற நாட்டு மந்திரி காரி கூத்தன் தலைவணங்கி வரையும் ஓலை. தங்கள் கீர்த்தி ஓங்கட்டும். தங்கள் கோபம் மட்டும் சற்றே தணியட்டும்.

சிற்றாற்றின் குறுக்கே அணை கட்டித் தங்கள் வயல்களைக் காயவிட எங்கள் நாட்டார் அனைவரும் ஒருமனப்பட்டனர் என்று சினந்து, தங்கள் சந்தைக்கு வந்த எங்கள் எண்ணெய் வணிகன் நக்கன் பொன்னனைச் சிறையிலிட்டதாகவும், பௌர்ணமி கழிந்ததும் அவனைக் கல்லுடைக்க அனுப்பப் போவதாகவும் தங்கள் தூதர் உரைத்தார். எங்கள் அனைவரின் மனத்தையும் எவ்வாறு அறிந்தீர் என வினவினேன். எங்கள் முரசறைவோன் ‘நாடே ஒரே குரலாய்’ என்று அறைந்ததை எல்லையில் நின்று தாமே கேட்டதாகச் சொன்னார்.

ஐயையோ, பெருமானே! அது எங்கள் முரசறைவோர் வழிவழியாகச் சொல்லும் வாய்ப்பாடு. எவனோ ஒருவனின் எருமை காணாமற் போனாலும், நாடே ஒரே குரலாய்த் தேடுகிறது என்றுதான் அறைவார்கள். அவையில் நடந்ததோ வேறு. அறுபத்தொருவரில் முப்பத்தொருவர் அணை வேண்டும் என்றனர். முப்பதின்மர் கூடாது என்றனர். அன்றைய தள்ளுமுள்ளில் என் மேலாடை கிழிந்தது. கிழித்தவர் என் சொந்த மைத்துனர். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒத்துப்போகாத எங்களை ஒரே வாயாக்கி விட்டீர்களே, இது அடுக்குமா!

இன்னும் கேளுங்கள். “கீழ இருக்கிறவன் வயலும் வயலுதானய்யா, அவன் புள்ளையும் சோறுதானே திங்குது!” என்று அன்று அவையில் எழுந்து தொண்டை கட்டும்வரை தங்களுக்காகக் கத்திய உறுப்பினன் யார் தெரியுமா? தாங்கள் பிடித்து அடைத்திருக்கும் அதே பொன்னன்தான். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் வேறென்ன செய்ய?

வரும் பௌர்ணமியன்று அவை மீண்டும் கூடுகிறது. அணை வேண்டும் என்ற என் மைத்துனர் மனம் மாறி, கூடாது என்ற எங்கள் பக்கம் வந்துவிட்டார். பொன்னன் வந்தமர்ந்தால் முப்பத்தொருவராவோம், அணை வேலை கைவிடப்படும். அவன் வராவிடில் இரு பக்கமும் முப்பதாகும். சரிபாதியானால் பழைய முடிவே செல்லும் என்பது எங்கள் முறை. தங்கள் வயலின் தண்ணீரைத் தாங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே, இவ்வோலை கொணர்வோனிடமே பொன்னனை ஒப்படைத்து, பௌர்ணமிக்கு முன் எல்லை கடத்தி அனுப்பத் திருவுளம் கொள்க. வேங்கை முத்திரை இட்டோம்.

ஒன்று மட்டும். இதையும் நாடே ஒரே குரலாய் எழுதியதென்று எண்ணிவிட வேண்டாம். எழுதக் கூடாதென்று, அணை கேட்கும் முப்பதின்மர் என் வாசலில் நின்று கூச்சலிடுகின்றனர். எழுதியவன் நான்.