கைக்குள் ஒரு தசை கூடுதலாம்

சேசு மரி சூசை துணை

மேல் கணக்கு, தேயிலைத் தோட்டம், கொட்டகலை.
12.6.1961

அன்பு மகள் ஜோசப்பினுக்கு அம்மா எழுதுவது. என் வலது கை ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் கொழும்பில் சிஸ்டர்மாரோடு சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று பார்க்காதே, பேனையை நடுவிரலில் செருகி எழுதுகிறேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் மடங்கமாட்டேன் என்கின்றன, கொழுந்தைக் கிள்ளப் போனால் நழுவிவிடுகிறது. தோட்டத்து மருந்துக்காரர் மூன்று மாதம் எண்ணெய் கொடுத்துவிட்டு, கடைசியில் சோம்பேறித்தனம் என்றார். அதனால் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் அந்த இரண்டு விரலையும் சேர்த்து வளையம் போடச் சொன்னார், எனக்கு வளையம் வரவில்லை, தட்டையாக நின்றது. எல்லார் கையும் உள்ளே ஒரே மாதிரி இல்லையாம், சிலருக்கு முழங்கைக்குக் கீழே மெல்லிய தசை ஒன்று கூடுதலாக இருக்குமாம், பலருக்கு அதனால் ஒன்றும் ஆகாதாம், எனக்கு அதன் அடியில் நரம்பு அகப்பட்டுக்கொண்டது போலிருக்கிறதாம். அது அங்கே இருப்பது தெரியாமல் கத்தி வைத்தால் நரம்பே அறுந்துபோகும், பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வா, பிந்தினால் விரல் திரும்பாது என்றார். இதைக் கங்காணி சோலைமலையிடம் சொன்னால், தசை கூடுதலா இருந்தா ரெண்டு றாத்தல் கொழுந்து கூட எடுக்க வேண்டியதுதானே புள்ள என்று சிரிக்கிறார். வந்த ஆத்திரத்தில் கூடையை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தேன், பிறகு நானே திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்தால் இரண்டு மாதம் மலைக்கு வேலைக்குப் போக முடியாது. வேலைப் பதிவில் அப்பாவின் பேரை வயது போனதென்று சென்ற வருடமே வெட்டிவிட்டார்கள், என் பேரும் விழுந்தால் தோட்டம் தந்த லயத்துக் காம்பராவை விட வேண்டும். பிரஜாவுரிமை மனுவும் தள்ளுபடியாகிவிட்டது, இறங்கி எங்கே போவது. கணக்கப்பிள்ளை ஒரு வழி சொன்னார், மகளக் கூப்பிட்டுப் பேர் பதிஞ்சிருங்க, காம்பரா நிக்கும், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. அன்றிலிருந்து அப்பா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பயந்துபோயிருக்கிறார். எனக்கும் பயம்தான். ஆனால் உன் டீச்சர் படிப்பு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, ஒரு தடவை பேர் பதிந்தால் உன்னைத் திரும்ப விடமாட்டார்கள். நடுவிரலால் கிள்ளப் பழகிக்கொண்டேன், ஏழு மாதம் ஓட்டிவிடுவேன். அதற்குள் விரல் போய்விடுமே என்பாய், தெரியும்.

ஞாயிறு பூசையை விடாதே, பரீட்சையைக் கவனி. மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா தபால் கந்தோரில் விசாரித்து வந்திருக்கிறார், அம்மாவுக்குக் கடும் சுகவீனம் உடனே வா என்று தந்தி அடிக்கப் போகிறார். நம்பாதே. மெய்யாகவே நான் சாகக் கிடந்தாலும் தந்தியில் அதே வார்த்தைதான் வரும் மகளே, அப்போதும் வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா தெரேசா