துண்டுக்கு அடியில் சூடு

ஆலேனுக்கு மகளின் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவள் எழும் முன்பே வேலைக்குக் கிளம்பியவர், சீட்டு எழுதி மேசைமேல் வைத்தார்:

“அனைஸ், மீன்குழம்பு இருக்கு, சுடவச்சி சாப்பிடு. நேத்து அப்பா பிடுங்கி வச்ச உன் ஃபாஸ்ட் சார்ஜர் ஃபிரிட்ஜ் மேல இருக்கு, எடுத்துக்கம்மா. உன் போன் பேட்டரி வீங்கினது அதால இல்ல. காலையில என் போனை அதுல போட்டுட்டு, உப்பளம் கடல்காத்துல துரு பிடிக்கக்கூடாதுன்னு வழக்கம்போல துண்டால மூடினேன். எடுத்தா கையைச் சுட்டுடுச்சி. தினமும் நீ சார்ஜ் போட்டதும் உன் போனையும் நான்தானே மூடினேன்?”

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினார்:

“மாமா எதிர்லதான உன்னைத் திட்டினேன். சாயங்காலம் அவரை வரச்சொல்லியிருக்கேன். அவர் எதிர்லயே தப்பு என்னுதுன்னு சொல்றேன். நீ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்காத.”