அலசி வந்த துண்டு

வாணரப்பேட்டை,
புதுச்சேரி.
13.10.1978

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் அமிர்தவல்லி வணங்கி எழுதுவது.

நானும் பிள்ளை ஜெயமும் நலம். நீங்களும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சாப்பாடு பரவாயில்லை, இடம் தாராளம், வீணாகக் கவலைப்படாதே என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் சனிக்கிழமைதோறும் ஜெயில் வாசலில் உங்கள் அழுக்குத் துணிப் பையை வாங்கி வந்து துவைக்கிறவள் நான். உங்கள் கடிதம் ஒன்று சொல்கிறது, சட்டை வேறொன்று சொல்கிறது. இரண்டு மாதமாக நான் சட்டையைத்தான் நம்புகிறேன்.

மில் வாசல் கல்லெறி வழக்கில் உங்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, விசாரணைக் கைதி வீட்டுத் துணியையே உடுத்தலாம் என்று வக்கீல் சொன்னார். தண்டனை பெற்றவர் மாதிரி நம்பர் போட்ட சட்டை இல்லையே என்று அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் வாரம் வந்த சட்டையில் இடது தோளில் மட்டும் சுண்ணாம்பு. முதுகில் இல்லை. சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்தால்தான் அப்படி ஒட்டும். வக்கீலைக் கேட்டேன். பதினைந்து பேர் படுக்கிற அறையில் முப்பது பேர் இருக்கிறார்கள் என்றார். இதுதான் உங்கள் தாராளம்! வீட்டில் கையையும் காலையும் விரித்துப் போட்டு, என்னையும் பிள்ளையையும் அடுப்பங்கரைக்குத் துரத்துகிற ஆள், அங்கே போய் ஒரு பக்கமாகப் படுக்கக் கற்றுக்கொண்டீர்களே. திரும்பி வந்த பிறகும் அப்படியே படுத்தால் எனக்கு வசதி.

அடுத்த வாரம் சட்டை முதுகெல்லாம் கடுகு கடுகாக ரத்தப் பொட்டு. மூட்டைப்பூச்சி. துணி மடிப்பில் வேப்பிலை வைத்து அனுப்பினேன். பையைச் சோதித்த வார்டர் தணிகாசலம், “இன்னாம்மா, கரகம் எடுக்கப் போறியா?” என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இலையை எடுத்துப் போடவில்லை. அவரும் அங்கேதானே நிற்கிறார், அவரை மட்டும் கடிக்காமலா இருக்கும்.

அதற்கப்புறம் ஒருமுறை சட்டைப் பையில் ஏழு கல் இருந்தது. மனு போட்டுப் பார்க்க வந்தபோது, கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து கத்திக் கேட்டேன். பக்கத்தில் படுக்கிற பக்கிரிக்குக் கண் தெரியவில்லை, அவர் சோற்றில் பொறுக்கியது என்று சொன்னீர்கள். மாமா, என் சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர் நீங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெரியவரைப் பார்க்க யாரும் வருவதில்லை என்றும் சொன்னீர்கள். அவர் துணியையும் நம் பையிலேயே போட்டு அனுப்புங்கள். இரண்டோடு மூன்றாகத் துவைத்துவிடுகிறேன்.

ஜெயம் கால் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். மழை ஆரம்பித்துவிட்டது. கூரையில் ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்து வீட்டுக் கமலாவின் வீட்டுக்காரர் ஏறிக் கீற்று சொருகிக் கொடுத்தார். வீட்டைப் பற்றி இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் உள்நிக்கரின் நாடாவில் முடிச்சு விழுந்த தடம் நாலு விரல் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவு இளைத்திருக்கிறீர்கள். அதற்குக்கூட ஜெயில் கஞ்சியைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். ஆனால் துண்டு? நாலு வாரமாகத் துண்டு மட்டும் அலசி வருகிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட நீங்கள் நனைத்ததில்லை. அங்கே கொடுக்கிற சவுக்காரம் குளிக்கவே காணாது. சட்டை அழுக்காகவே வருகிறது, துண்டுக்கு மட்டும் சவுக்காரம் போடுகிறீர்கள். எனக்கு வேலையைக் குறைக்கிறீர்கள் என்று முதலில் நினைத்து, கமலாவிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன். சிவப்புத் துண்டுதான் வேண்டும், வேறு வேண்டாம் என்று நீங்கள் சொல்லியனுப்பியதும் எனக்கு உறைக்கவில்லை. போன சனிக்கிழமை துண்டின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மடித்துத் தைத்திருந்த வெள்ளை நூல் பழுப்பாகியிருந்தது. ரத்தக்கறை எனக்குத் தெரியாதா, மாமா?

உங்கள் அண்ணன் கிருஷ்ணசாமியும் அதே மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றவர்தான். அவரும் இருமி இருமித் தன் துண்டை யாரிடமும் கொடுக்காமல் குழாயடியில் தானே அலசிக்கொண்டிருந்தார். நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. அவர் போனபோது அண்ணிக்கு முப்பது வயது. எனக்கு இப்போது இருபத்தொன்பது.

போன தடவை மனு போட்டுப் பார்க்க வந்தபோது நீங்கள் வலையைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றீர்கள். ஜெயம் வழக்கம்போல வலைக்குள் விரலை நீட்டினாள். நீங்கள் தொடவில்லை. வரும் வழியெல்லாம், அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, ஆனால் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் ஏன் ஜெயில் டாக்டரிடம் காட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டால் இந்த மாத வாய்தா தள்ளிப்போகும் என்று ஒரு பயம். டி.பி. என்று காகிதத்தில் ஏறிவிட்டால், விடுதலையாகி வந்தாலும் மில்லில் சேர்க்கமாட்டார்கள் என்று இன்னொரு பயம். வக்கீலைக் கேட்டுவிட்டேன். வாய்தா தள்ளினாலும் வழக்கு கெடாது என்கிறார். மில் போனால் போகட்டும். அந்த மில் உங்கள் அண்ணனைத் திருப்பிக் கொடுத்ததா? பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற கமலா சொல்கிறாள், “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஊசி இருக்குது, மாத்திர இருக்குது. விடாம எடுத்துக்கினா எந்திரிச்சி ஓடலாம்” என்று. ஆனால் சொன்னால்தானே கொடுப்பார்கள்? உங்களுக்காக இல்லாவிட்டாலும், உங்கள் மூச்சு படும் தூரத்தில் படுக்கிற பக்கிரிக்காகவாவது சொல்லுங்கள். கல் பொறுக்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

சொல்லமாட்டீர்கள். உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியாததா. கண்டதையும் எழுதாதே, உன் கடிதத்தை ஆபீசில் ஜெயிலர் ஐயா படித்த பிறகுதான் என் கைக்கு வரும் என்று எத்தனை தடவை எச்சரித்திருக்கிறீர்கள். நானும் இதுவரை ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை. இன்றைக்குத் தெரிந்தேதான் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நீங்கள் இந்த வரிக்கு வரும்போது ஐயாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஐயா, உங்களுக்கும் என் வணக்கம். என் வீட்டுக்காரர் அப்படி ஒன்றும் இல்லவே இல்லை என்று சாதிப்பார். தயவுசெய்து நம்பாதீர்கள்.

என்மேல் கோபம் வரும், மாமா. வரட்டும். இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருங்கள். வீட்டுக்கு வந்தும் பேசாமல் இருங்கள். எதிரில் உட்கார்ந்து பேசாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

நாளைப் பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பெரியவருக்கு ஒரு பழைய பனியன், கொஞ்சம் வேப்பிலை வைத்திருக்கிறேன். சிவப்புத் துண்டு வைக்கவில்லை. வெள்ளைத் துண்டு வாங்கி, ஓரத்தில் ஜெயத்தின் கையாலேயே தைக்க வைத்திருக்கிறேன். தையல் கோணலாகத்தான் இருக்கும். பை கடிதத்துக்கு முன்னால் வந்துவிடும், ஏன் வெள்ளை என்று யோசித்திருப்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை அதை அலசாமல் அனுப்புங்கள். எப்படி இருந்தாலும் சரி, நான் துவைத்துக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
அமிர்தவல்லி