கிளிப் போட்ட பக்கங்கள்

தம்பி,

இரவுப் பணி முடிந்து உறங்குகிறாய் என்பதால் எழுப்பவில்லை. கண் மருத்துவரிடம் போகிறேன். திரும்ப மாலை ஆகிவிடும். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. குட்டி பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவச் சொல். தட்டின் முன் புத்தகம் கூடாது.

“பத்து வயசுப் பொண்ணுக்குப் படிக்கக் குடுக்கிறியா, காவல் காக்கிறியா அக்கா?” என்று நேற்று நீ கேட்டது உறைத்தது. வாங்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் நான் முதலில் படித்து, அவள் வயதுக்கு ஆகாத பக்கங்களைக் கிளிப் போட்டு மூடித்தான் கொடுத்தேன். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு இது தோன்றவில்லை: அவள் கிளிப் போட்ட பக்கங்களைத்தான் முதலில் படித்திருக்கிறாள்.

பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு சிறுமியின் தாய் இறக்கும் பக்கங்களையும் மூடியிருந்தேன். இன்று காலை அதைக் கொண்டுவந்து நீட்டினாள். “இதுல அந்தப் பொண்ணு அழறா, அவ அப்பாவும் அழறாரு. நம்ம வீட்ல மட்டும் அம்மா பேச்சையே ஏன் அத்தை யாரும் எடுக்கிறதில்ல?”

பள்ளிக்கு நேரமாயிற்று என்று அனுப்பிவிட்டேன்.

எல்லாக் கிளிப்புகளையும் கழற்றிவிட்டேன். புத்தக அலமாரிச் சாவி இச்சீட்டின் அடியில் இருக்கிறது. இனி பூட்ட வேண்டாம். எனக்குச் சலித்துவிட்டது, தம்பி. அந்தப் பக்கங்களை அவளோடு உட்கார்ந்து நீ படி.

அக்கா

பி.கு.: பால் காய்ச்சியாயிற்று.

இன்னொன்று: நானே படித்துக் காட்டலாம் என்றுதான் எடுத்தேன். இரண்டாம் வரியிலேயே கண் மறைத்தது. அதற்கும் கண்புரைக்கும் சம்பந்தமில்லை.