அலமாரிக்குள் ஒரு கம்பெனி

பிப்ரவரி 11, 2007. ஆலன், டெக்சாஸ்

ஆள் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய எங்கள் துணி அலமாரியில் பாதியை இவருடைய கம்ப்யூட்டர்கள் பிடித்துக்கொண்டன. என் புடவைகள் இப்போது மகன் தாரிக் அறையில். கிரீன் கார்டு வந்த மறுமாதமே வேலையை விட்ட மனிதரிடம் அலமாரிக்காகச் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

எல்லாம் என் தம்பி ஹஸ்னைனால் வந்தது. அவன் ஷார்ஜாவில், மனைவி இஸ்ரத்தும் ஒன்பது மாதக் குழந்தை ஃபைஹாவும் கீழக்கரையில். மகளை அவன் இன்னும் பார்த்ததில்லை. அங்கே இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேசுவதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். இவர் எழுதிய விபிஎன், அவன் கம்ப்யூட்டரை ரகசியமாக எங்கள் அலமாரியோடு இணைத்து, இங்கிருந்து கீழக்கரைக்குக் கொண்டுபோகிறது.

இன்று பார்த்துவிட்டான். "லாத்தா, மூக்கு எம் மூக்கு" என்று அக்கா என்னிடம் போனில் சொல்லிவிட்டு அழுதான். நானும்தான்.

ஏப்ரல் 3

ஹஸ்னைன் அறையில் ஆறு பேர். ஆறு பேரும் கஸ்டமர். பக்கத்து அறைகளும் சேர்ந்து இப்போது நாற்பத்தொரு பேர். அத்தனை பேரின் பெயரும் இவருக்கு மனப்பாடம்.

ஜூலை 22

அறுநூறு தாண்டியது. தமிழில் வரும் கடிதங்களுக்கு நான்தான் பதில். யாராவது விலகினால் இவருக்கு அன்று சோறு இறங்காது. "ஏன் போனாங்கன்னு கேட்டியா?" என்று என்னைக் குடைவார்.

இன்று சொன்னார்: "நோன்புப் பெருநாள் வரைக்கும் பாப்போம் ஷம்சாத். கம்பெனி நிக்கலைன்னா, பழைய மேனேஜர் கூப்பிடுறார், join பண்ணிடறேன்." சிரித்தபடிதான் சொன்னார்.

அக்டோபர் 6

பெருநாளன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வருவார்கள். அதற்காகக் கூடுதல் மெஷின்கள் வாடகைக்கு எடுக்கிறார். "பெருநாள் என்னைக்கு?" என்றார். ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருந்த பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்து, "பதிமூணு, சனிக்கிழமை" என்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் சொல்லி வைத்தார்.

அக்டோபர் 12

நோன்பு பிடிக்க சஹருக்கு எழுந்தால் நானூறு கடிதங்கள். ஷார்ஜாவில் இன்றைக்கே பெருநாள். பாதிப் பேருக்கு மேல் இணைப்பே கிடைக்கவில்லை. ஹஸ்னைன் புதுச்சட்டையோடு மூன்று மணி நேரம் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்தானாம்.

என்னை நானே கேட்டுக்கொண்டேன்: அரபு நாட்ல ஒரு நாள் முன்னாடி வரும்னு பொறந்ததுலேர்ந்து தெரியுமேடி உனக்கு. எப்படி மறந்தே?

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "திங்கக்கிழமை மேனேஜருக்கு மெயில் போட்டுடறேன்" என்றார், மெதுவாக.

அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியதும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதினேன். தேதியைத் தப்பாகச் சொன்னது நான், அவர் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. கடைசியில் விரல் மரத்துப்போனது.

அக்டோபர் 13

எங்களுக்குப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஒரு பதில். "பரவால்ல லாத்தா. ஊர்ல அவங்களுக்கு நாளைக்குத்தானே பெருநாள். நாளைக்கு பேசிக்கிறோம். நாளைக்காவது ஓடட்டும்." அதே மாதிரி இன்னும் அறுபது எழுபது.

ஞாயிறும் மெஷின்கள் இருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் இவரிடம் காட்டினேன். பிரியாணித் தட்டை வைத்துவிட்டு அலமாரிக்குள் போனவர்தான்.

அக்டோபர் 14

ஓடியது. ஒரு தடவைகூட அறுபடவில்லை.

அக்டோபர் 15

திங்கட்கிழமை. அந்த மெயில் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மார்ச் 9, 2008

பிளேனோவில் இரண்டு அறை ஆபீஸ். எட்டாயிரம் பேர். என் மேசைக்கு மேலே மூன்று காலண்டர்கள்: ஷார்ஜா, கீழக்கரை, ஆலன். இவர் மாட்டிவிட்டார். கிண்டல்தான், ஆனால் தினமும் பார்க்கிறேன்.

ஜூன் 19, 2009

அக்கவுண்டை மூடச் சொல்லி ஒரு விண்ணப்பம். கஸ்டமர் நம்பர் ஒன்று. ஹஸ்னைன். ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு போன வாரம் ஊருக்கே போய்விட்டான். போனில் சொன்னால் போதாதா? முறைப்படி படிவம் நிரப்பியிருக்கிறான். விலகுவதற்கான காரணம் என்ற கட்டத்தில்: "வீட்டுக்கு வந்துட்டேன். ஃபைஹா பக்கத்துல தூங்குறா."

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஒரு பெட்டி ஜாங்கிரி வாங்கிவந்து ஆபீசில் இருக்கும் ஒன்பது பேருக்கும் கொடுத்தார். சப்போர்ட்டில் புதிதாகச் சேர்ந்த ரோஷினி, "என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒரு கஸ்டமர் போயிட்டாரும்மா" என்றார்.