இடது விங்கில் யார்

6 ஜூன் 1974, வியாழன். மெல்பேர்ண்.

காலை முழுக்கத் தூறல். காலுறைகள் ஹீட்டருக்கு முன்னால். வாங்க வேண்டியவை: பூட்ஸுக்கு லேஸ், மீன் டின், மிளகாய்த்தூள்.

ஞாயிறு தகுதி ஆட்டம். வென்றால் எங்கள் வெளிநாட்டு மாணவர் உதைபந்தாட்ட அணி சிங்கப்பூருக்கு, சம்பளம் வாங்காத ஆட்டக்காரருக்கான கிண்ணத்துக்கு. எனக்கு இது கடைசி வருடம். இடது விங் என் இடம். போன மாதம் முழங்கால் சுளுக்கியபோது மட்டும் நடேசன் நின்றான். ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு. அதற்காக இடத்தையும் கொடுக்க முடியுமா?

பயிற்சி முடிய முழங்கால் எப்படி என்று கோச் கேட்டார். ஒரு நோவும் இல்லை. ஆனால் அதை வாயால் சொல்லி, கண் பட்டு, கண்ணூறு வாங்கவா? இன்னும் நோகிறது, பார்ப்போம் என்றேன். முகத்தையும் கொஞ்சம் சுளித்தேன்.

உடுப்பு மாற்றி வந்தால், நடேசன் கோச்சோடு ஒதுங்கி நின்று குசுகுசுக்கிறான். அவன் கை என் காலைச் சுட்டியது; நான் பார்ப்பதைக் கண்டதும் பேச்சு நின்றது. டிராமில் கேட்டேன். "சும்மா கதைச்சனாங்கள்" என்றான். சும்மா கதைக்கிறவன் ஏன் என் காலைக் காட்ட வேண்டும்?

7, வெள்ளி.

காற்று. காது விறைத்துவிட்டது.

கோச் அணியை வாசித்தார். இடது விங் நடேசன். எனக்கு ரிசர்வ் கூட இல்லை.

இப்போதுதான் விளங்குகிறது. நேற்று எண்ணெய் பூசிவிடட்டா என்று கேட்டானே, வீக்கம் இருக்கிறதா என்று உளவு பார்க்கத்தான். கள்ளன்.

மாலை குசினியில், மலேசியப் பொடியன்கள் இரண்டு பேரும் பார்த்திருக்க, நீதானே கோச்சிடம் என் காலைப் பற்றிப் போட்டுக்கொடுத்தது என்று கேட்டுவிட்டேன். கூட இருந்தே குழி பறித்தவன் என்றும் சொன்னேன். நடேசன் அகப்பையை வைத்தான்.

"உனக்கு விசர். கோச்சிட்டயே போய்க் கேள்."

சோறு அப்படியே கிடந்தது.

8, சனி.

வெயில், சூடில்லாத வெயில்.

கோச் வீட்டுக்குப் போனேன். மனுஷன் தோட்டத்தில். நடேசன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அவர் சிரித்தார். இவன் நடிக்கிறான், காலில் ஒன்றுமில்லை, இவனையே போடுங்கள் என்று நடேசன் கெஞ்சினானாம். ஆனால் கால் என்னுடையதல்லவா, நோகிறது என்று நானே சொன்ன பிறகு யாரை நம்புவது என்றார்.

கண்ணூறு பற்றி அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? திரும்பி வந்துவிட்டேன். வெட்கம். நடேசன் இரவு அறைக்கு வரவில்லை.

9, ஞாயிறு.

மழை, சேறு. 2–1. வென்ற கோலுக்குப் பந்து கொடுத்தது நடேசன். கை தட்டினேன். என்னைப் பார்க்காமல் வேண்டுமென்றே மற்றப் பக்கம் ஓடினானோ? சீ, இன்னும் எனக்கு இந்தப் புத்தி.

ஆறு மணிக்கு வந்து பெட்டி கட்டினான். ஃபுட்ஸ்கிரேயில் மச்சான் வீட்டில் இருக்கப் போகிறானாம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டிட்டுப் போடா" என்றுதான் வந்தது.

வேண்டாம் என்று தலையாட்டினான். மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனாலும் "போயிட்டு வாறன்" என்று சொல்லிப் போகிறவன். வாசலில் நின்று, "போறன்" என்றான்.