கழுத்துப்பிடியில் நீ சொன்னவை

மாமு,

இன்று காலை துறைமுகத்துக்குள் மழையில் நனைந்த சரக்கின் மேலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பில் தேங்கியிருந்த தண்ணீர் சரிந்து கொட்டியதும் அந்த வாடை எழுந்தது. ஈரத் தார்ப்பாய், துரு, பழைய வியர்வை போல ஏதோ ஒன்று. கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். என்னால் நகர முடியவில்லை. அந்த வாடைக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தவர்கள் நாம். இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகையின் மேல் பஞ்சு, எல்லாவற்றையும் மூடி ஒரு லாரித் தார்ப்பாய். நம் மேடை அவ்வளவுதான்.

உன் மகள் என்னைத் தேடி வந்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

அப்போது நான் கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்தேன், நீ கப்பலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மல்யுத்த வீரர்கள். சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒருவர் நமக்கு மேனேஜர். திருவிழா மைதானமோ, எண்ணூர் பக்கம் ஏதாவது காலி மனையோ, எங்கே கூப்பிட்டாலும் மேடையை லாரியில் ஏற்றிக்கொண்டு போவோம். முதல் நாள் அவர் நம்மை அருகருகே நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தார். எனக்கு உயரமும் சிரித்த முகமும் இருந்தன. உனக்குக் குத்துச்சண்டையில் உடைந்த மூக்கு. "நீ ஜெயிக்கிறவன். நீ தோக்கறவன்," என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. நீயோ சிரித்தாய்.

"ஜெயிக்கறத யார் வேணா செய்வான் மாமு. அத்தினி ஜனத்தையும் ஒரே நேரத்துல கடுப்பேத்தணும் பாரு, அதான் வேலை."

அது எப்பேர்ப்பட்ட வேலை என்று எனக்கு மேடையில்தான் தெரிந்தது. யார் ஜெயிப்பது, எந்தப் பிடியில் முடிப்பது, இந்த இரண்டை மட்டும் திரைக்குப் பின்னால் பேசி வைத்துக்கொள்வோம். நடுவில் நடப்பதையெல்லாம் அந்தந்த நிமிடத்தில் கட்டியது நீ. முதல் ஆட்டத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ பாய்ந்து வந்து என் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டாய். "வுடுடா அவன! டேய், வுடுடா!" என்று மைதானமே கத்தியது. உன் நீள முடி என் முகத்தின் மேல் விழுந்தது. அந்த மறைவில் உன் வாய் என் காதுக்கு வந்தது.

"மூச்சு வுடு மாமு. இன்னாத்துக்கு நடுங்கற? நான் கீறேன்ல. இப்ப என்ன கயித்தாண்ட தள்ளு. திரும்பி வருவேன், கைய விரிச்சு மார்ல ஒண்ணு வுடு. தடவாத. சத்தம் வரணும்."

தள்ளினேன், வந்தாய், அறைந்தேன். சீனிவெடி போலச் சத்தம் கேட்டது. நீ கால் வேறு கை வேறாகப் போய் விழுந்தாய், ஜனம் எழுந்து நின்றது. அதற்கப்புறம் எத்தனையோ ஆட்டங்கள். கழுத்துப்பிடி போட்டால் அது நாம் பேசுவதற்கு. ஜனம் உன் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருக்கும், நீ என்னிடம் முட்டி வலி பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பாய்.

என் பலத்தைப் பற்றி எங்கள் ராயபுரத்தில் பெருமையாகப் பேசுவார்கள். உன்னைத் தலைக்கு மேல் தூக்கி வீசுவேனாம். தூக்கப்படுகிறவன் எம்பினால்தான் தூக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. என் தொடையில் கையை ஊன்றி உன் பாதி எடையை நீயே சுமப்பாய். விழும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதையும் ஒரே அடியாகப் பலகைக்குக் கொடுப்பாய். பிறகு நான் குனிந்து உன் கையைப் பிடித்தால் ஓர் அழுத்து அழுத்துவாய். ஒன்றும் ஆகவில்லை, மேலே ஆடு என்று அர்த்தம். பொய்ச் சண்டை என்று சொன்னவர்கள் யாரும் உன் முதுகைப் பார்த்ததில்லை. திங்கட்கிழமைகளில் உன் மனைவி தேவகி அதற்குத் தைலம் தேய்த்துவிட்டுத்தான் உன்னை வேலைக்கு அனுப்புவாள்.

ஜெயிக்கிறவனும் தோற்கிறவனும் வெளியில் ஒன்றாகத் தென்படக் கூடாது. மேனேஜரை விட நீதான் அதில் கறாராக இருந்தாய். ஒரே டீக்கடையில் நிற்க மாட்டாய், என் வண்டியில் ஏற மாட்டாய். பேச வேண்டுமென்றால் நம்மை யாருக்கும் தெரியாத முகத்துவாரக்குப்பத்துக்குப் போக வேண்டும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கரையேற்றிய படகின் நிழலில் உட்கார்ந்திருப்போம். காசிமேட்டில் ஒரு மீன்காரம்மா உனக்கு மீன் தர மறுத்த கதையை அங்கேதான் சொன்னாய்.

"கூடையயே மூடிக்கிச்சு மாமு. 'ராயபுரத்துப் புள்ளய அந்த அடி அடிச்சியே, உனுக்கு மீனு கெடயாது, போ'ன்னுச்சு. நானும் ஒரு மொற மொறைச்சிட்டு வந்துட்டேன்."

அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். வீட்டில் குழம்பு இல்லை. ஆனால் உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது.

திருவொற்றியூர் ஆட்டத்துக்கு வருகிறேன்.

அதுவரை உன் மகளைத் தேவகி எந்த ஆட்டத்துக்கும் கூட்டி வந்ததில்லை. அப்பாவை ஜனம் திட்டுவதைக் குழந்தை கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். அன்றைக்கு மகள் அடம்பிடித்து வந்துவிட்டாள். மதியம் பெய்த மழையில் மேடையை அவசரமாகப் பொருத்தியிருந்தார்கள். கடைசித் தூக்கு. நீ எப்போதும் போல எம்பினாய், நான் எப்போதும் போல விட்டேன். நீ விழுந்த இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு பலகை சட்டத்தை விட்டு நழுவியிருந்தது. முதுகுக்குக் கிடைக்க வேண்டிய தரை கிடைக்கவில்லை. கழுத்து மடங்கியது.

குனிந்து கையைப் பிடித்தேன். நீ அழுத்தவில்லை. இன்னொரு முறை நான் அழுத்திப் பார்த்தேன். உன் விரல்கள் என் கைக்குள் சும்மா கிடந்தன. நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரும் முகம் வெளுத்துப் போய் ஆட்டத்தை நிறுத்தப் போனார். அப்போது நீ பேசினாய். "முடிச்சுடு மாமு. மேல படு. பாதியில வுடாத." உன் மேல் எடை படாமல் உள்ளங்கைகளை ஊன்றிக் குனிந்தேன். நடுவர் மூன்று எண்ணினார். மைதானமே அதிரக் கத்தியது. விசில் அடித்தார்கள், காகிதம் கிழித்துப் போட்டார்கள். உன்னைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போதும் கைதட்டினார்கள். "ஒழிஞ்சான்டா!" என்று ஒருவன் சந்தோஷமாகக் கத்தினான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? அவன் அப்படிக் கத்த வேண்டும் என்பதற்காகத்தானே நீ இத்தனை காலம் பாடுபட்டாய்.

ஆஸ்பத்திரி நடையில் உன் மகள் ஓடி வந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். அவ்வளவு சின்ன வாய், அவ்வளவு பலம். தேவகி பிடித்து இழுத்தும் விடவில்லை. உன் காதுக்கு அந்தச் சண்டை எட்டியிருக்க வேண்டும். என்னை உள்ளே விட்டபோது நீ கேட்டாய்.

"கடிச்சிட்டாளா?"

"அவகிட்ட நான் சொல்லிடறேன்டா. எல்லாம் பேசி வெச்சு ஆடறதுன்னு சொன்னா புரிஞ்சிக்குவா."

"வேணாம்." கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாய். "அப்பன் சண்டை போட்டுத் தோத்தான்னு நெனச்சுக்கட்டும். தோக்கறேன்னு ஒத்துக்கினு தோத்தான்னு தெரிய வேணாம். என் பொண்ணுடா. நீ சொல்லக் கூடாது."

நான் சரி என்றேன். உனக்காகச் செய்ய எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் நீ எழுந்தாய். கோலூன்றி நடந்தாய். வலது கை மட்டும் திரும்பி வரவே இல்லை. பெயின்ட் வேலை போயிற்று, தேவகி ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போனாள். நான் மேடை ஏறுவதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் மேனேஜரும் மேடையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். எப்போதாவது டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத் தேவகி உன்னை முகத்துவாரக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோவில் கூட்டி வருவாள். நாம் அதிகம் பேசியதில்லை. அங்கே மேடை இல்லை, கூட்டம் இல்லை, உனக்கு என்னிடம் ரகசியமாகச் சொல்ல எதுவும் இல்லாமல் போயிருந்தது. ஒருநாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அவ இன்னும் உன்ன திட்டறா மாமு," என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. அதோடு போய்விட்டாய்.

உன் தெருமுனைக்கு வந்தேன். மேளம் கேட்டது. உன் பிளாக்குக்குக் கீழே பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்னை முதலில் பார்த்துவிட்டார்கள். "டேய், அவன்டா. அவரு கழுத்த ஒடச்சவன்." உன் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"செத்தவன பாக்க வந்தியா, சிரிக்க வந்தியா? இன்னா தகிரியம் உனுக்கு?"

அவருக்குப் பின்னால் தேவகியைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். மடியில் தலை வைத்துக் கிடந்த மகளைக் குனிந்து பார்த்தாள். மூடிக்கொண்டாள். உன் ஆசையைத்தான் அவளும் காப்பாற்றினாள், நான் குறை சொல்லவில்லை. திரும்பி நடந்தேன். எதிரிலிருந்த சைக்கிள் கடை ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நீ அந்த வழியாகத்தான் போனாய். உன்னை எத்தனையோ முறை தூக்கியவன் நான். அன்றைக்கு ஒரு தோள் கொடுக்க முடியவில்லை.

இப்போது உன் மகள் கல்லூரியில் சேரப் போகிறாள். போன வாரம் மாலையில், மாதா கோயில் வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். உன் மூக்கு உடையாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு மூக்கு. கையில் போன். யாரோ அந்தத் திருவொற்றியூர் ஆட்டத்தைப் படம்பிடித்து வைத்திருந்து, இப்போது ஊரெல்லாம் பரவிக்கொண்டிருக்கிறதாம். என்னை முறை வைத்துக் கூப்பிடவில்லை. நேராகப் போனை நீட்டினாள்.

"இத்த ஸ்லோ பண்ணிப் பாத்தேன். நீ தூக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பா எகிர்றாரு. அவரா எகிர்றாரு. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

நான் சொல்லவில்லை, மாமு. அவளே கண்டுபிடித்தாள். இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"இங்க பாரு." விரலால் படத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். நீ என் தலையை இடுக்கிக்கொண்டிருந்தாய். முடிக்கு நடுவே உன் உதடுகள் அசைந்தன. "உன்னாண்ட இன்னாமோ பேசிக்கினே கீறாரு. இன்னா சொன்னாரு?"

கோயில் மதிலில் உட்கார்ந்தோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள். நான் சொன்னேன்.

"'எம்பொண்ணு வந்துகீறா மாமு. முன்னாடி வரிசைல, மஞ்ச கவுனு. நல்லா தூக்கு, சோக்கா வுழறேன் பாரு.' இதான் சொன்னான்."

அவள் குனிந்து போனைப் பார்த்தாள். மழைத்துளி விழுந்ததும் துப்பட்டா நுனியால் அதைத் துடைத்தாள்.

"அப்ப இத்தினி வருஷம் உன்ன சும்மாவா வெறுத்தேன்?"

"உங்கப்பன் அப்படித்தான் இருக்கட்டும்னு நெனச்சான்."

"எனுக்கு அது பழகிப் போச்சு," என்றாள் எழுந்துகொண்டே. "சட்டுனு வுட வரல."

"பரவால்ல. மெதுவா வுடு. வுடாட்டியும் பரவால்ல."

இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள். "வுழுந்தப்புறம்? அப்ப இன்னா சொன்னாரு?"

"'முடிச்சுடு, பாதியில வுடாத'ன்னான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்போது வந்ததைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே நிமிர்ந்து நடந்து, பேருந்து நிறுத்தத்துக் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

'முடிச்சுடு' என்பதற்கு முன்னால் நீ இன்னொன்று சொன்னாய். நான் உன் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தனை கூச்சலுக்கும் நடுவில், அதுவரை நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், "பயமா கீது மாமு" என்றாய். அதை அவளிடம் சொல்லவில்லை. தேவகிக்கும் தெரியாது. நீ என் காதில் சொன்ன மற்றதெல்லாம் இனி உன் மகளுடையது, வந்து கேட்டால் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுவேன். இது மட்டும் என்னோடு இருக்கட்டும்.